சுருதி பார்த்த பிறகே விமர்சனம்: வாசகர் கேள்வி–பதில்

(குன்னூரில் வயலின் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை, நம் இதழின் இசைத்தட்டு விமர்சகர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: போன இதழில் ஒரு பழைய தட்டின் மறுவெளியீட்டைப் பற்றி எழுதும்போது, "அரைக் கட்டை ஏறி ஒலிக்கிறது, பாடகியைக் குறை சொல்லாதீர்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த அம்மாள் அன்றைக்கு அந்தச் சுருதியில்தான் பாடினாரோ என்னவோ! இத்தனை வருஷம் கழித்து உங்களால் எப்படி அடித்துச் சொல்ல முடிகிறது?

தம்பி, தட்டுக்கு விமர்சனம் எழுதுகிற யாரையும் முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

78 சுற்றுத் தட்டு என்று பெயர் இருக்கிறதே தவிர, ஆரம்ப காலத்தில் எல்லாப் பதிவாளர்களும் ஒரே வேகத்தில் பதியவில்லை. எழுபதை ஒட்டியும் பதிந்திருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியும் பதிந்திருக்கிறார்கள். கணக்கு எளிது. அரைக் கட்டை, அதாவது ஹார்மோனியத்தில் அடுத்த கட்டைக்கு, ஏறினால் அதிர்வெண் சுமார் 6 சதவீதம் கூடும். ஆகவே நிமிஷத்துக்கு 78 சுற்று ஓட வேண்டிய தட்டு 82, 83 சுற்று ஓடினால் முழுதாக அரைக் கட்டை ஏறிவிடும். சுருதியோடு காலப்பிரமாணமும் அதே அளவு விரைந்துவிடும். ஸ்வரங்கள் தொடராக நிதானமாக இறங்க வேண்டிய பிருகா பொலபொலவென்று உதிரும். குரலின் வயதே குறைந்துபோகும். நடுவயதுப் பாடகி பள்ளிக்கூடப் பெண் மாதிரி ஒலிப்பார். அதைக் கேட்டுவிட்டு "அவசரப்படுகிறார், குரலில் கனம் இல்லை" என்று ஒருவர் எழுதினால், மோட்டார் செய்த குற்றத்துக்குப் பாடகி தண்டனை வாங்குகிறார். எனக்கு இது பொறுக்காது.

எப்படிச் சரிபார்க்கிறேன் என்று கேட்டீர்கள். முதலில் என் வீட்டு யந்திரத்தைத்தான் சந்தேகப்படுவேன். தட்டின் மேல் வைக்கிற வட்ட அட்டை ஒன்று உண்டு, ஸ்ட்ரோபோஸ்கோப் அட்டை என்பார்கள். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான அட்டையில், 78 சுற்று வளையத்தில் 77 கோடுகள் அச்சாகியிருக்கும். குண்டு பல்பு வெளிச்சம் மின்சாரத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். அந்த வெளிச்சத்தில் அட்டையைச் சுழலவிட்டால் கோடுகள் நகராமல் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். முன்னே ஓடினால் வேகம் கூடுதல், பின்னே நழுவினால் குறைவு. இப்போதைய எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் அந்தத் துடிப்பு இருப்பதில்லை. அதனால் இந்தச் சோதனைக்கென்றே ஒரு குண்டு பல்பை ஹோல்டரோடு வைத்திருக்கிறேன். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் எங்கள் ஊர்க் குளிரில் மோட்டாரின் கிரீஸ் இறுகிக் கிடக்கும். கொஞ்ச நேரம் வெறுமே ஓடவிட்டால்தான் கோடுகள் நிலைக்கு வரும். அதற்கு முன்னால் முள்ளை வைக்கவே மாட்டேன்.

என் யந்திரம் சரி என்றால் அடுத்தது தட்டு. நாடகப் பாடல் தட்டுகளில் ஹார்மோனியம் பெரிய சாட்சி. நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவர் அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம் வாசித்தார். தம்பூராவைப் பாடகருக்குத் தோதாக எங்கே வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஹார்மோனியத்தில் அது நடக்காது, ரீடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் சுருதி. அந்தக் காலத்துப் பெட்டிகளில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும், தட்டின் ஆதார சட்ஜம் பெட்டியில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கட்டைகளுக்கு (வெள்ளை, கறுப்பு இரண்டும் சேர்த்து) நட்டநடுவில் தொங்கினால் வேகத்தில்தான் கோளாறு என்று சந்தேகிக்கலாம்.

சபாவில் ஒலிநாடாவில் எடுத்த பதிவுகளுக்கு வேறு சாட்சி இருக்கிறது. பாட்டு நிற்கிற இடைவெளியில், அடியில் ஒரு முனகல் கேட்கும். அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். கீழே ஆழத்தில், 5 கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவில் அது நிற்க வேண்டும். நாலரைக் கட்டைக்கு இறங்கியிருந்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். நகல் எடுக்கும்போதும் புதிதாக ஒரு முனகல் சேர்ந்துகொள்ளும். ஆகவே இரண்டு கேட்டால் எது முதல் பதிவினுடையது என்று பிரித்தறிய வேண்டும். பொறுமை வேண்டும், ஹெட்போன் வேண்டும். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடாத நேரமாகவும் இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. எம்.டி. ராமநாதன் (1923–1984) பதிவை முதன்முதலாகக் கேட்கிறவர்கள் நாடா மெதுவாக ஓடுகிறது என்று நினைத்து வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். கூட்டாதீர்கள்! அத்தனை கீழான சுருதியும் அத்தனை விளம்பமும் அவருடையவை, அவர் வேண்டியே எடுத்துக்கொண்டவை. கூட்டினால் அவர் காணாமல் போய்விடுவார். ஒரு வித்வானின் ஒரே ஒரு பதிவை வைத்து முடிவு கட்டாமல், அதே காலத்து மற்றப் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகு கால் கட்டை சந்தேகம் மிஞ்சினால் அதையும் விமர்சனத்திலேயே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர் தெரிந்துகொண்டு கேட்கட்டும்.

பந்தலூரிலிருந்து ஒரு வாசகி: என் அப்பா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டத்தை விட்டு வந்து இங்கே தேயிலை வேலையில் சேர்ந்தவர். வரும்போது தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டு கொண்டுவந்தார். கிட்டப்பா, வசந்தகோகிலம், ராஜரத்தினம் பிள்ளை எல்லாம் இருக்கிறது. என் மருமகன் சங்கீதம் படித்தவர். "மூணு நிமிஷத்தில் என்ன கர்நாடக சங்கீதம் வரும் அத்தை? கச்சேரிதான் அசல்" என்கிறார். அப்பாவின் பெட்டிக்கு மதிப்பு உண்டா, இல்லையா?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. கப்பல் ஏறும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று திகைத்து நின்றிருப்பார் உங்கள் அப்பா. சட்டிபானையோடு உடையக்கூடிய அரக்குத் தட்டுகளையும் தூக்கி வந்திருக்கிறார் என்றால், அதன் மதிப்பை அவர் அப்போதே சொல்லிவிட்டார்.

மருமகனுக்கு என் பதில் இது. கிட்டப்பா பிறந்தது 1906, மறைந்தது 1933. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது 1938-ல், திருச்சி நிலையம் 1939-ல். அந்த நிலையங்களில் அவர் வந்து பாட வழியே இல்லை. ஒலிநாடாவில் கச்சேரி பிடிக்கும் பழக்கம் அப்போது நம்மிடம் கிடையாது. அப்படியானால் தட்டை விட்டால் கிட்டப்பாவின் பாட்டுக்கு வேறு போக்கிடம் எது? பாடகி என்.சி. வசந்தகோகிலம் 1951-ல் காசநோயில் போனபோது வயது முப்பதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. "தந்தை தாய் இருந்தால்" என்று அவர் பாடியதைக் கேட்டவர்கள், அதற்கு நீளம் போதவில்லை என்று சொல்ல மாட்டார்கள். உச்சியில் குரல் ஊசி மாதிரி ஏறினாலும் சொற்கள் ஒன்றுகூடச் சிதைவதில்லை.

10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷமும் சொச்சமும்தான். சரி. அந்த அளவுக்குள் ஒரு வித்வான் என்ன செய்தார் என்று பார்ப்பதே தனி ரசனை. கோயில் வீதியில் இரவெல்லாம் நாதஸ்வரத்தில் தோடி வாசித்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அந்தத் தோடியைத் தட்டின் அளவுக்குள் கொண்டுவரும்போது, எந்தப் பிடியில் தொடங்குவது, எங்கே நிற்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்று ஒவ்வொன்றையும் தீர்மானித்தாக வேண்டும். பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியத்தின் "வாசுதேவயனி" தட்டையும் இப்படித்தான் கேட்கிறேன். அத்தனை மின்னலான பிருகாக்களுக்கு நடுவிலும் கல்யாணி ஒழுங்காக நடந்துபோகிறது. நீளமான ஆலாபனையில் சில வீண் சுற்றுகள் ஓடிவிடும், தெரியாது. தட்டில் வீண் சுற்றுக்கு இடமே கிடையாது.

தட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சங்கதிகளைக் குறைத்திருப்பார்கள். சரணத்தை விட்டிருப்பார்கள், அல்லது அனுபல்லவியிலிருந்து நேரே சரணத்தின் பாதிக்குத் தாவியிருப்பார்கள். கடைசி இருபது விநாடியில் ஒரு பரபரப்பு தெரியும். நான் விமர்சனம் எழுதும்போது எதை விட்டார்கள் என்று ஒரு வரி எழுதுவேன். அதை அந்தத் தட்டின் கணக்கில் வைப்பேன், வித்வானின் கணக்கில் வைக்க மாட்டேன். மருமகனையும் ஒரு முறை அப்படிக் கேட்கச் சொல்லுங்கள். சங்கீதம் படித்தவர், பிடித்துக்கொள்வார்.

இன்னொன்று. பெட்டியில் இருக்கும் தட்டுகளின் எண்களை, பெயர்களை, கூட வாசித்தவர் பெயர் இருந்தால் அதையும், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தட்டின் நடுவில், லேபிளை ஒட்டி அரக்கிலேயே கீறிய எண் ஒன்று இருக்கும். அதைக் கட்டாயம் எழுதுங்கள். லேபிள் கிழிந்தாலும் அந்த எண் போகாது. எந்தப் பதிவு என்று பின்னால் தேடுகிறவர்களுக்கு அதுதான் பிடிமானம்.

அருவங்காட்டிலிருந்து: அட்டத்தில் (பரணில்) வைத்திருந்த தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

கூடவே கூடாது! 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். துடைக்கத் துடைக்க வெண்மையோடு பாட்டும் துணியில் வந்துவிடும். மிதமான சோப்புக் கலந்த, சூடில்லாத தண்ணீரை மெல்லிய துணியில் நனைத்துப் பிழிந்து, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். லேபிளில் ஈரம் படக் கூடாது. பிறகு சுத்தமான தண்ணீரால் ஒரு துடைப்பு. நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள். வெயிலில் வைத்தால் வளைந்துபோகும். பின்னால் வந்த வினைல் எல்.பி. தட்டு வேறு பொருள், அதற்கான மருந்தை இதற்குப் போடாதீர்கள்.

நம் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு முறை எல்லாத் தட்டையும் வெளியே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். குன்னூர், கோத்தகிரி, அருவங்காடு எல்லாவற்றுக்கும் வடகிழக்குப் பருவம்தான் பெரிய எதிரி. அட்டத்தில் படுக்கப்போட்டு அடுக்காதீர்கள். உள்சுவர் ஓரமாக, தரையை விட்டு உயர்த்தி, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். உறைகள் ஈரமாகியிருந்தால் மாற்றிவிடுங்கள், பூஞ்சணம் முதலில் குடியேறுவது அங்கேதான்.

ஓட்டும்போது எல்.பி. முள்ளை இதில் வைக்காதீர்கள். 78-ன் பள்ளம் அகலம், அதற்கென்று தடித்த முனையுள்ள முள் வேண்டும். எல்.பி. முள் பள்ளத்தின் அடியில் கிடக்கும் புழுதியில் உரசி வெறும் இரைச்சலைக் கிளப்பும். சாவி கொடுக்கிற பழைய கிராமபோன் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு முள் மாற்ற வேண்டும். அரிய தட்டை அதில் போடவே போடாதீர்கள். அதன் கனம் தட்டைத் தின்றுவிடும்.

உதகையிலிருந்து: மற்றப் பத்திரிகைகளில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், நாலு நட்சத்திரம் என்று கொடுக்கிறார்கள். நீங்கள் ஏன் கொடுப்பதில்லை?

பைரவியில் ஒரு நிரவல் பிரமாதமாக அமைந்து, அதே பதிவில் வயலின் சரியாகக் கேட்காமல் போயிருந்தால் எத்தனை நட்சத்திரம்? எண் போட்டால் மேலே எழுதியதை யாரும் படிப்பதில்லை. நான் எழுதுவது படிக்கத்தான்.

கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகர்: கோடை பண்பலையில் காலையில் பழைய பாட்டும் கேட்பேன், செல்போனில் புதிய கர்நாடக ஆல்பங்களும் கேட்பேன். புதியவற்றில் இரைச்சல் இல்லை, அபஸ்வரம் இல்லை, எல்லாம் துல்லியம். நீங்களோ புதிய ஸ்டூடியோ பதிவுகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஏதாவது குறை சொல்கிறீர்கள். பழசு என்றால்தான் உங்களுக்குப் பிடிக்குமா?

நல்ல புதிய பதிவு வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான். தம்பூரா இவ்வளவு தெளிவாகக் கேட்கும் காலம் இதற்கு முன் வந்ததில்லை. வீணையின் மீட்டு முடிந்த பிறகு நீளும் நாதம் பழைய தட்டில் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். இன்றைக்கு அது கடைசி இழை வரைக்கும் கேட்கிறது. இது பெரிய வரம்.

என் குறை இரண்டு இடத்தில்தான். ஒன்று, சுருதி திருத்தும் மென்பொருள். ஆட்டோ-டியூன் 1997-ல் வந்தது. அது எப்படி வேலை செய்கிறது? பாடகர் ஒரு ஸ்வரத்துக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நின்றால், அருகிலிருக்கும் ஸ்வர ஸ்தானத்துக்கு இழுத்து நிறுத்துகிறது. மேலை நாட்டுப் பாட்டுக்கு அது பொருந்தலாம். நம் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை நினைத்துப் பாருங்கள். அது எந்த இடத்திலும் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கம் சாய்ந்து மத்யமத்தைத் தொட்டு ஆடிக்கொண்டேதான் காந்தாரம் என்று பெயர் வாங்குகிறது. பேகடையின் மத்யமமும் சஹானாவின் காந்தாரமும் அப்படியே. இவற்றைப் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களுக்குள் பிடித்து நிறுத்தினால் ஆட்டத்தின் ஓரங்கள் மழுங்கிவிடும். எல்லா ஸ்டூடியோவிலும் இப்படி நடக்கிறது என்று சொல்லவில்லை, கவனமாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கமகத்தின் (ஸ்வரத்தின் இந்த ஆட்டத்தின்) நுனி தட்டையாக ஒலிக்கும்போது வயலின் வாசிக்கிற காதுக்கு உடனே தெரிந்துவிடும். விரல் அந்த இடத்தில் எப்படிச் சறுக்கும் என்று அதற்குத் தெரியும்.

இரண்டாவது குறை எனக்கு இன்னும் வலிக்கிறது. பாடகரை ஒரு நாள் பதிந்து, வயலினை வேறொரு நாள் பதிந்து, பிறகு சேர்க்கிறார்கள். ராக ஆலாபனையில் பாடகர் ஒரு பிடியை முடிக்கும்போது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வயலின் எழும்பும். அந்த எழும்பலைக் கேட்டுப் பாடகர் அடுத்த பிடியை மாற்றிக்கொள்வார். அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் கச்சேரி. தனித்தனியாகப் பதிந்தால் வயலின் கேட்டு வாசிக்கும், ஆனால் பாடகருக்கு அந்த வயலின் கேட்கவே கேட்காது. அவர் பாடி முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். வயலின்காரர் எவ்வளவு அழகாக வாசித்திருந்தாலும் பாடகர் அதற்கு "பலே" சொல்ல முடியாது. சேர்ந்து உட்கார்ந்து ஒரே மூச்சில் பதிந்த தட்டில் சின்னப் பிசிறு இருந்தால் நான் மன்னித்துவிடுகிறேன்.

பழசு எல்லாம் உயர்த்தி என்ற கட்சி எனக்கு இல்லை. சொல்லப்போனால், மைக் இல்லாமல் ஒலி வாங்கும் கொம்பு வாய்க்குள் பாடிப் பதிந்த காலத்துத் தட்டுகள் பலவற்றில் மிருதங்கம் இருந்ததா என்றே தெரியாது. 1925-ல் மேலை நாட்டில் மின்சாரப் பதிவு வந்து, அது இங்கேயும் பரவிய பிறகுதான் பாடகர்கள் கத்தாமல் பாட முடிந்தது. கொம்புக் காலத்துத் தட்டில் குரல் முரடாக இருந்தால், அவர் கச்சேரியிலும் அப்படித்தான் பாடினார் என்று நினைத்துவிடக் கூடாது.

பழனியிலிருந்து: மிருதங்க வித்வானின் பேரன் நான். பதிவுகளில் தனி ஆவர்த்தனத்தை வெட்டிவிடுகிறார்களே, விமர்சகர்களாவது கேட்கக் கூடாதா?

கேட்கிறேன் ஐயா, ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். நேரம் போதவில்லை என்று வெட்ட வேண்டுமானால் துக்கடாவில் ஒன்றைக் குறைக்கலாம். இரண்டு மணி நேரம் பிறருக்காகவே வாசித்தவருக்குக் கிடைத்த பத்துப் பதினைந்து நிமிஷத்தைப் பிடுங்குவது நியாயமில்லை. அட்டையில் பக்கவாத்தியக்காரர் பெயரே போடாமல் வருகிற பதிவுகளும் உண்டு. அப்படி வந்தால் என் விமர்சனத்தின் முதல் வரி அதைப் பற்றித்தான் இருக்கும்.

உங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய பழனி சுப்ரமணிய பிள்ளை 1962-ல் மறைந்தார். இடக்கையில் வாசித்தவர். அவருடைய தொப்பியில் (மிருதங்கத்தின் கீழ் நாதப் பக்கத்தில்) பிறந்த கும்கியைப் (அழுத்தி எழுப்பும் வளைந்த நாதத்தை) பற்றிப் பேசாத மிருதங்கக்காரர் இல்லை. அந்தப் பதிவை செல்போனின் சின்ன ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டுவிட்டு "வலந்தலை (தொப்பிக்கு எதிர்ப்பக்கம்) மட்டும்தான் கேட்கிறது" என்று எனக்கு எழுதுகிறார்கள். தொப்பியின் கீழ் நாதத்தை எழுப்பும் சக்தி அதற்குக் கிடையாது. ஒரு நல்ல ஹெட்போன் போதும், பெரிய செலவு வேண்டாம். அதைப் போட்டுக்கொண்ட பிறகு கும்கி நெஞ்சில் வந்து மோதும்.

மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று சொன்னவர். அவர் கோரிக்கையின் நியாயம் இன்றைய பதிவுகளைக் கேட்டால் புரிகிறது. மிருதங்கத்துக்குப் பக்கத்தில் மைக்கை ஒட்டி வைத்து, பிறகு பாடகரின் குரலுக்குச் சமமாக ஏற்றிவிடுகிறார்கள். வித்வான் விரல் நுனியால் பாட்டுக்கு அடியில் மெதுவாக வாசித்த சொல்லெல்லாம் இடி மாதிரி விழுகிறது. "மிருதங்கம் அடங்கவில்லை" என்று பழி அவருக்கு.

இன்னொன்றும் வெட்டுகிறார்கள். மழைக்காலத்தில் நம் மலை ஊர்களில் கச்சேரி நடந்தால் மிருதங்கத் தோல் ஈரம் குடித்துத் தொய்யும். இரண்டு பாட்டுக்கு ஒரு முறை கல்லால் விளிம்பைத் தட்டிச் சுருதி கூட்டுவார்கள். தொப்பியில் ரவையைக் கொஞ்சம் எடுப்பார்கள், கொஞ்சம் அப்புவார்கள். டக், டக், பிறகு ஒரு "தோம்", பிறகு மறுபடி டக். பாடகர் தம்பூராவோடு லேசாக முனகிக்கொண்டு காத்திருப்பார். வெட்டாத நாடாவில் இதெல்லாம் இருக்கும். அடுத்த பாட்டில் மிருதங்கம் ஏன் திடீரென்று அவ்வளவு நன்றாகப் பேசுகிறது என்பதற்கு விடை அந்த டக் டக்கில்தான் இருக்கிறது. அதை வெறும் சத்தம் என்று நீக்கிவிடாதீர்கள்.

கூடலூரிலிருந்து ஒரு தாய்: பிளஸ் டூ படிக்கும் என் மகள் உங்கள் பகுதியைப் படித்துவிட்டு, தானும் இசை விமர்சனம் எழுத வேண்டும் என்கிறாள். எப்படித் தொடங்குவது?

ரொம்ப சந்தோஷம். கல்கி "கர்நாடகம்" என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய விமர்சனங்களைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். சங்கீதம் தெரியாதவரும் அடுத்த வரிக்குப் போவார், தெரிந்தவரும் தலையாட்டுவார். பிறகு விமர்சகர் சுப்புடு. அவருடைய காரத்தை அவள் எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர் எவ்வளவு கவனமாகக் கேட்டார் என்பதை எடுத்துக்கொள்ளட்டும்.

தொடக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு போதும். மதுரை மணி ஐயர் பாடிய "எப்ப வருவாரோ" என்று வைத்துக்கொள்வோம், ஜோன்புரி. முதல் தடவை பேனா இல்லாமல் கேட்கட்டும். அடுத்த தடவை பல்லவியை எத்தனை முறை திருப்பினார், ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் மாற்றினார் என்று குறிக்கட்டும். பிறகு பாடகரை விட்டுவிட்டு வயலினை மட்டும் கேட்கட்டும். இன்னொரு நாள் மிருதங்கத்தை மட்டும். பாடகர் நீட்டும்போது அது நிரப்புகிறதா, விட்டுக்கொடுக்கிறதா? இவ்வளவும் ஆன பிறகு எழுத உட்காரட்டும்.

"உருக்கமாகப் பாடினார்", "தேனாகப் பாய்ந்தது" என்ற வரிகளை நான் ஏற்பதில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் உருகினார்? கீழே இறங்கும்போதா, மேலே நிற்கும்போதா? அந்த இடத்தை நாடாவில் எத்தனையாவது நிமிஷத்தில் கேட்கலாம்? அதை எழுதினால் படிக்கிறவர் தானே போய்க் கேட்டு, உருகுகிறதா இல்லையா என்று முடிவு செய்துகொள்வார். குறை எழுதும்போதும் அப்படித்தான். "சுருதி விலகியது" என்று பொதுவாக எழுதினால் அது அவதூறு. "சரணத்தில் மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது விலகியது" என்றால் விமர்சனம். ஒரு வாழ்நாள் உழைப்பைப் பற்றி எழுதுகிறோம், இடம் சுட்டாமல் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அவளுக்கு வாய்ப்பாட்டோ வாத்தியமோ கொஞ்சமாவது பழக்கம் உண்டா? இல்லையென்றால் சரளி வரிசையாவது ஆரம்பிக்கட்டும். மாயாமாளவகௌளையைத் தன் குரலில் நிறுத்திப் பார்த்த பிறகு பிறர் பாட்டைப் பற்றி எழுதும் கை மாறும். முதல் விமர்சனத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், சிவப்பு மை போட்டு உரிய நேரத்தில் திருப்பி அனுப்புவேன்.

குன்னூரிலிருந்து: கேசட்டில் பாட்டு இழுத்து இழுத்து வருகிறது. கேசட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். முக்கால்வாசி பிளேயரின் ரப்பர் பெல்ட் தொய்ந்திருக்கும். பெல்ட்டை மாற்றி, பிளேயரில் நாடா உரசிப் போகும் தலையை (ஹெட்) சுத்தம் செய்து, நாடாவை ஒரு தடவை முழுதாக முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பிறகு கேளுங்கள்.

வெலிங்டனிலிருந்து: மறைந்த என் கணவர் சென்னையில் இருந்தபோது சபாவில் எடுத்த ஒலிநாடா ஒன்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறேன். ராகம் பாடும்போது யாரோ ஒருவர் இருமிக்கொண்டே இருக்கிறார். என் பேரன் மென்பொருளில் இருமலை எல்லாம் நீக்கித் தருகிறேன் என்கிறான். செய்யலாமா?

பேரனைச் செய்யச் சொல்லுங்கள், நகலில். முதலில் ஏற்றிய கோப்பை அப்படியே, ஒரு விநாடி வெட்டாமல், வேகம் மாற்றாமல், இரைச்சல் குறைக்காமல் இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்துவிடுங்கள். எம்.பி.3 ஆகச் சுருக்கினால் இழந்தது திரும்பி வராது, வேவ் கோப்பாகவே வையுங்கள். நாடாவையும் எறிய வேண்டாம். இன்றைக்கு இருக்கிற கருவியை விட நல்ல கருவி நாளைக்கு வரும், அப்போது மூலத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

இருமலை நீக்கும்போது அதோடு சேர்ந்து பாட்டிலிருந்தும் கொஞ்சம் போகும். ராகத்தில் மெல்லிய கார்வை நிற்கும் இடத்தில் இருமல் வந்திருந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடச் சொல்லுங்கள். கைதட்டல்களைக் கட்டாயம் விட்டு வைக்கட்டும். ரசிகர்கள் எந்தப் பிடிக்குக் கை தட்டினார்கள் என்பது எனக்கு விமர்சனம் எழுதும்போது வேண்டும். கோப்பின் பெயரில் பாடகர், வயலின், மிருதங்கம், சபா, தேதி எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கிற வரைக்கும் எழுதுங்கள். கூடவே ஒலிப்பதிவு செய்தவர் என்று உங்கள் கணவர் பெயரையும் போடுங்கள்.